கை எதை மாற்றுகிறது? கூத்துப் பழக்க மென்பொருளுக்கு ஒலித்தொகுப்பு முறையைத் தெரிவுசெய்தல்

அத்தியாயம் 4

உடுக்கில் அடி விழுந்ததோடு கலைஞரின் வேலை முடிவதில்லை. ஒரு கை தோலைத் தட்ட, மற்றக் கை இடுப்பில் ஓடும் கயிறுகளை நெரிக்கிறது. தோலின் இழுவை கூடி ஒலி மேலேறுகிறது. பிடியைத் தளர்த்த இறங்குகிறது. காத்தவராயன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் காதுக்குள் நிற்கும். உடுக்கின் உயிர் அந்த நெரிப்பில்தான் இருக்கிறது. ஆகவே உடுக்குக்கு மென்பொருள் எழுத உட்காருபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, அந்த நெரிப்பைத் தன் நிரலில் எந்த எண்ணாக வைத்திருக்கப் போகிறார் என்பதை.

கடந்த அத்தியாயங்களில் நாம் திட்டமிட்ட மென்பொருள் கூத்துப் பழகுபவர்களுக்கானது. அண்ணாவியார் பக்கத்தில் இல்லாத நாட்களிலும் சுருதியோடும் தாளத்தோடும் பாடிப் பழக வேண்டும். ஏ9 வீதியில் முறிகண்டியில் மேற்கே திரும்பி, அக்கராயன் வழியாக ஸ்கந்தபுரத்துக்குப் போகும் பாதையில் உள்ள ஒரு வீட்டில், ஒரு பழைய மடிக்கணினியும் மலிவான அண்ட்ரொய்ட் தொலைபேசி ஒன்றும் வைத்திருக்கும் மாணவரை மனதில் வைத்தே எழுதுகிறேன். டேட்டா காசுக்கு வாங்குவது. தொலைபேசியின் நினைவகம் ஏற்கெனவே படங்களால் நிரம்பியிருக்கும். இந்த இரண்டும் தெரிவை நேரடியாகப் பாதிக்கும்.

ஒலியைக் கணினியில் உண்டாக்கப் பத்துக்கு மேற்பட்ட முறைகள் உள்ளன. மக்ஸ் மத்யூஸ் 1957இல் பெல் ஆய்வுகூடத்தில் கணினியை இசைக்க வைத்ததிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. எல்லாவற்றையும் படித்துவிட்டுத் தொடங்கலாம் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டீர்கள். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: வாசிப்பவரின் கையோ மூச்சோ ஒலியில் எதை மாற்றுகிறது? மாறுவது உங்கள் நிரலில் தனி மாறியாக இருக்க வேண்டும். மாறாததைப் பதிவுசெய்து வைத்தாலும் குறைவில்லை.

பதிவு எங்கே போதும்?

ஒலிமாதிரி முறை, அதாவது உண்மை வாத்தியத்தைப் பதிவுசெய்து தேவைப்படும்போது ஒலிக்கவிடுவது, கேட்ட மாத்திரத்தில் மனதைப் பறிக்கும். தவிலுக்கு நான் இதையே பரிந்துரைப்பேன். அதன் வலந்தலையில் மிருதங்கத்தைப் போல நடுவே பூசும் கரணை கிடையாது; விரற்கூடுகள் விழும் வெடிப்பில் இரைச்சல் நிறைய. இணுவிலிலும் அளவெட்டியிலும் வளர்ந்த தவில் மரபைக் கேட்டுப் பழகிய காது, செயற்கைத் தவிலை உடனே ஒதுக்கிவிடும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று பலங்களில், ஒவ்வொரு பலத்துக்கும் நான்கைந்து அடிகள் பதிவுசெய்யுங்கள். ஒரே பதிவு திரும்பத் திரும்ப ஒலித்தால் இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே காது கண்டுபிடித்துவிடும். மாற்றி மாற்றி எடுக்க வேண்டும்.

வன்னியில் பதிவுசெய்பவர் கவனிக்க வேண்டியவை தனி. ஐப்பசி முதல் தை வரையான மாரியில் தோல் ஈரத்தை வாங்கித் தளரும். பறையை நெருப்பில் காட்டிக் காய்ச்சித்தான் ஒலியைப் பிடிக்க வேண்டும். காய்ச்சிய சூடு ஆற ஆற ஒலி இறங்கும். ஆகவே ஒரு பறையின் எல்லா அடிகளையும் ஒரே சூட்டில், ஒரே அமர்வில் எடுத்து முடியுங்கள். பகலில் லாண்ட்மாஸ்டரும் தண்ணீர்ப் பம்பும் ஓடும். இரவு ஒன்பதுக்குப் பிறகு பாடசாலை மண்டபம் கிடைத்தால் நல்லது, எதிரொலியைக் குறைக்கச் சுவரோரம் பாயும் சாக்கும் தொங்கவிடலாம். நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். நிலத்தொடுப்புச் சரியில்லாத வீட்டில் 50, 100, 150 ஹேர்ட்ஸில் ஒரு முணுமுணுப்பு ஒவ்வொரு மாதிரிக்குள்ளும் புகுந்துவிடும். மடிக்கணினியைப் பற்றரியில் ஓடவிட்டுப் பதிவுசெய்தால் பெரும்பாலும் அது அடங்கும்.

கலைஞருக்குக் கூலி கொடுங்கள். பதிவை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள், விற்பீர்களா, இலவசமாகக் கொடுப்பீர்களா என்பதை எழுத்தில் கொடுத்துச் சம்மதம் வாங்குங்கள். அவருடைய கை இனி ஆயிரம் தொலைபேசிகளில் வாசிக்கப் போகிறது. அவர் பெயர் மென்பொருளில் இருக்க வேண்டும்.

இனி அளவு. 16 பிற்று, ஒற்றைத் தடம், செக்கனுக்கு 44,100 மாதிரிகள் என்றால் ஒரு செக்கனுக்கு 88,200 பைட். தம்புராவை 20 செக்கன் வளையமாகப் பதிந்தால் ஒன்று ஏறத்தாழ 1.76 மெகாபைட். அரைக்கட்டைகள் சேர்த்து 12 சுருதிக்கு 21 மெகாபைட். சுருக்கிய வடிவத்தில் இது வெகுவாகக் குறையும், உண்மைதான். ஆனால் பாடுபவர் ஐந்து கட்டைக்குச் சற்றுக் கீழே நிற்க விரும்பினால் அந்த 21 மெகாபைட்டுக்குள் அவருக்கு ஒன்றும் இல்லை. சுருதி என்பதே வாசிப்பவர் மாற்றுவது. ஆகவே தம்புராவுக்கு வேறு வழி.

நான்கு வரியில் ஒரு தந்தி

உயர்தர பௌதிகவியலில் சுரமானிக் கம்பியைப் படித்தவர்களுக்கு இந்த முறை எளிதில் பிடிபடும். மீட்டிய தந்தியில் அலை ஓடுகிறது, முனையில் தெறித்துத் திரும்புகிறது, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் சக்தியை இழக்கிறது. கூர்மையான மேற்றொனிகள் முதலில் மறைகின்றன. கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ரோங்கும் 1983இல் வெளியிட்ட முறை இதை அப்படியே நிரலாக்குகிறது. ஒரு வரிசையை எழுந்தமான எண்களால் நிரப்புங்கள். முதல் எண்ணை ஒலிபெருக்கிக்கு அனுப்புங்கள். அதற்கும் அடுத்த எண்ணுக்கும் சராசரி எடுத்து வரிசையின் கடைசியில் சேருங்கள். திரும்பச் செய்யுங்கள். இரைச்சலாகத் தொடங்குவது சில மில்லிசெக்கனில் மீட்டிய தந்தியாக மாறும். முதன்முறை இதைக் கேட்கும்போது வரும் மகிழ்ச்சியை எந்த நூலும் தர முடியாது. இந்தப் பக்கத்தை மூடிவிட்டுப் போய் ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

இப்போது சிக்கல். வரிசையின் நீளம் முழு எண். சராசரி எடுப்பது அரை மாதிரித் தாமதத்தைச் சேர்க்கிறது. ஐந்து கட்டைக்குரிய 196 ஹேர்ட்ஸ் சாரணி வேண்டுமென்றால் சுற்றின் நீளம் 225 மாதிரிகள். அதாவது வரிசை 224.5 நீளமாக இருக்க வேண்டும். அது முடியாது. 224 வைத்தால் 196.44 ஹேர்ட்ஸ், 225 வைத்தால் 195.57. சரியான சுருதியில் நிற்கும் குரலோடு சேரும்போது இரண்டே கால் செக்கனுக்கு ஓர் அடிப்பு விழும். மேல் ஸ்தாயியில் நிலைமை மோசம்: 880 ஹேர்ட்ஸுக்கு வரிசை 50 என்றால் கிடைப்பது 873.27. பதின்மூன்று சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) குறைவு. சுத்தமான மூன்றாம் சுரத்துக்கும் பியானோவின் மூன்றாம் சுரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடே 14 சென்ட்தான். நமது இசையில் இவ்வளவு பெரிய பிழையை வைத்துக்கொண்டு சுருதிப்பெட்டி என்று ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது. அவர்கள் காது அதற்கே பழகிவிடும்.

மருந்தும் அதே 1983இல் வந்தது. டேவிட் ஜாஃபியும் ஜூலியஸ் ஸ்மித்தும் சுற்றுக்குள் ஒரு சகலகடத்தி வடிகட்டியைச் சேர்த்து, மாதிரியின் பின்னத்தையும் தாமதமாக்கினார்கள். ஒரு பெருக்கல் கூடுதலாக வேண்டும், அவ்வளவே. தம்புரா மென்பொருளில் இதைத் தவிர்க்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம்.

உலாவியில் ஓடும் வடிவம் எழுதுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வெப் ஓடியோவில் தாமதக் கணுவைச் சுற்றாகப் பின்னினால் தாமதம் 128 மாதிரிக்குக் கீழே இறங்காது. 48,000 வீதத்தில் அது 375 ஹேர்ட்ஸ். தம்புரா தப்பிவிடும்; அதற்கு மேலே போகும் தந்திகள் எல்லாம் ஒரே சுரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓடியோ வேர்க்லெட்டுக்குள் சுற்றை நீங்களே எழுதினால் இந்தத் தடை இல்லை.

தம்புராவின் ரீங்காரம் இன்னும் வரவில்லை. அதன் குதிரை வளைந்தது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் நூலை நகர்த்தி ஜீவா எனும் அந்த ரீங்காரத்தைப் பிடிப்பார்கள். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் நோபல் பரிசுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இதை ஆராய்ந்தார். தந்தியை ஒரு கணுவில் மீட்டினால் அங்கே கணுக்கொள்ளும் மேற்றொனிகள் ஒலிக்கக் கூடாது என்பது பாடப்புத்தக விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை ஒலிக்கின்றன என்று காட்டினார். காரணம், தந்தி ஒவ்வொரு ஆட்டத்திலும் வளைந்த குதிரையில் படிந்து எழும்புவதால் அதன் நீளமே நொடிக்கு நொடி மாறுகிறது. நிரலில் இதற்கு நேரான வழி: தந்தியின் பெயர்ச்சி ஒரு பக்கமாகக் கூடும்போது சுற்றின் நீளத்தை ஒரு மாதிரிக்கும் குறைவாகச் சுருக்குங்கள். எவ்வளவு சுருக்குவது என்பதை ஒரு சுட்டியாக வெளியே வையுங்கள். நூலை நகர்த்தும் விரலுக்கு அது பதில்.

தோலுக்கு அதிர்வு முறைகள்

மிருதங்கமும் உடுக்கும் தோல் வாத்தியங்கள். அவற்றின் கணக்கு தந்தியின் கணக்கிலிருந்து வேறு. வெறும் வட்டத் தோலின் அதிர்வு முறைகள் 1, 1.59, 2.14, 2.30, 2.65, 2.92 என்ற விகிதத்தில் போகும். இவற்றில் ஒழுங்கு இல்லை. அதனால்தான் அநேக முழவுகளுக்குத் திட்டமான சுரம் கேட்பதில்லை. மிருதங்கத்தில் நடுவே பூசும் கரணை இந்த விகிதங்களை இழுத்து ஒழுங்குபடுத்துகிறது. இராமனும் சிவகாளி குமாரும் 1920இல் நேச்சர் இதழில் இதை எழுதினார்கள். 1934இல் இராமன் விரிவாக ஆராய்ந்து, முதல் ஒன்பது அதிர்வு முறைகளும் ஐந்து இசைத்தொனிகளுக்குள் அடங்குவதைக் காட்டினார். கரணை பூசக் கற்ற கைகள் காதால் கண்ட கணக்கு அது.

இதை நிரலாக்க அதிர்வுமுறைத் தொகுப்பு போதும். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பரிவு வடிகட்டி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஒரு சிறு இரைச்சல் துடிப்பால் தட்டுகிறோம். ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்கள்: மீடிறன், பலம், தேய்வு நேரம். தேய்வு நேரம் அரைச் செக்கன், வீதம் 48,000 என்றால் சுற்றுக் குணகம் 0.999712: மூன்றைத் தேய்வு நேரத்திலுள்ள மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதன் எதிர்ப் பெறுமானத்தைப் பத்தின் அடுக்காகப் போட்டால் வரும். இருபது முறைகள் வைத்தாலும் செக்கனுக்கு இருபது இலட்சம் பெருக்கலுக்குள் முடிந்துவிடும். எந்த மலிவுத் தொலைபேசியும் இதைச் சுமக்கும். மிருதங்கத்துக்கு விகிதங்களை 1, 2, 3, 4, 5 அருகே வைத்து ஒவ்வொன்றையும் சிறிது விலக்குங்கள். நம், தின், சாப்பு ஆகியவற்றுக்கு இடையிலான வேறுபாடு எந்த முறை எழும்புகிறது, எதை விரல் அடக்குகிறது என்பதே. ஆகவே விகிதங்களைத் தொடாமல் பலங்களை மட்டும் மாற்றினால் போதும்.

உடுக்குக்கு வருவோம். இழுவை இரட்டித்தால் மீடிறன் 1.41 மடங்கு. நெரிப்பு என்ற ஒரே மாறி எல்லா முறைகளின் மீடிறனையும் சேர்த்து நகர்த்தும். பதிவுசெய்த மாதிரியை வேகமாக ஓடவிட்டும் ஒலியை ஏற்றலாமே என்று கேட்பீர்கள். இரண்டு அரைச்சுரம் வரை காது பொறுக்கும். அதற்கு மேல், விரல் பட்ட சத்தமும் உடலின் பரிவும் சேர்ந்து ஏறுவதால் உடுக்குச் சிறுத்துப் பொம்மை ஆகிவிடும். உண்மையில் உடல் அதே உடல்தானே, தோல்தான் ஏறுகிறது. அதிர்வுமுறைத் தொகுப்பில் தோலை நகர்த்தி உடலை நிற்க வைக்க முடியும். ஒன்றைக் கவனியுங்கள்: ஒலித்துக்கொண்டிருக்கும்போதே வழக்கமான இரண்டாம்படி வடிகட்டியின் குணகங்களை மாற்றினால் பலம் துள்ளும். சைன், கோசைன் இரண்டையும் சுழற்றும் வடிவத்தில் எழுதினால் ஒலி வழுக்கிக்கொண்டு ஏறும். தொலைபேசியில் நெரிப்பை எதற்குக் கட்டுவது? திரையில் ஒரு விரல் தட்ட, மற்றக் கையின் பெருவிரல் ஓரப் பட்டையில் மேலும் கீழும் போகட்டும். உடுக்கு வாசிப்பவர்கள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

தட்டலுக்கும் ஒலிக்கும் இடையிலான தாமதம் 20 மில்லிசெக்கனைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 48,000 வீதத்தில் 256 மாதிரித் தாங்ககம் 5.3 மில்லிசெக்கன், மிச்சத்தை அண்ட்ரொய்டும் திரையும் எடுத்துக்கொள்ளும். கூகுளின் ஓபோ நூலகம் ஒவ்வொரு தொலைபேசியிலும் கிடைக்கும் வேகமான பாதையைத் தேடித் தரும். புளூடூத் ஒலிபெருக்கியில் இது நடக்காது என்பதை மென்பொருளிலேயே எழுதிவிடுங்கள்.

மணிக்கு எஃப்எம்

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967இல் கண்டு 1973இல் வெளியிட்ட மீடிறன் பண்பேற்றம் இரண்டு சைன் அலைகளால் ஆனது: ஒன்று மற்றதன் மீடிறனை ஆட்டும். யமஹா இதை வாங்கி 1983இல் டிஎக்ஸ்7 விசைப்பலகையாக்கியது. தமிழ்த் திரையிசைக்குள்ளும் அது விரைவில் வந்தது. இளையராஜாவின் 'புன்னகை மன்னன்' (1986) இசையில் பயன்பட்ட யமஹா சிஎக்ஸ்5எம் கணினி எஃப்எம் முறையிலேயே ஒலித்தது.

நமது மென்பொருளில் எஃப்எம்முக்கு உரிய இடம் கோயில் மணியும் சேமக்கலமும் தாளமும். சௌனிங் தந்த மணி இன்றும் நல்ல தொடக்கம்: 200 ஹேர்ட்ஸை 280 ஹேர்ட்ஸ் ஆட்ட, பண்பேற்றச் சுட்டெண் 10இலிருந்து பூச்சியத்துக்கு 15 செக்கனில் தேயும். உலோகம் முதலில் சிதறி ஒலித்துக் கடைசியில் ஒரே தொனியாக அடங்குவது அப்படியே வரும். இதற்கு மேல் எஃப்எம்மை இழுக்க வேண்டாம். அதன் எண்கள் எந்தப் பௌதிகப் பொருளோடும் ஒட்டாதவை. தந்தியையும் தோலையும் அதில் தேடினால் நாட்கள் போகும்.

நாதஸ்வரம்

நாதஸ்வரத்தை இரண்டாம் பதிப்புக்குத் தள்ளிவையுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. சுரத்துக்குச் சுரம் பதிவுசெய்து விசைப்பலகையில் அடுக்கினால் வருவது கமகம் இல்லாத வரிசை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை விலக்கி வைத்ததற்குச் சொல்லப்பட்ட காரணம் இதே குறைதான். கூத்தில் ஆர்மோனியம் தன் இடத்தைப் பிடித்தது வேறு கதை, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நாதஸ்வரத்தில் சீவாளியும் மூச்சும் விரலின் பாதி மூடலும் சேர்ந்து சுரங்களுக்கு இடையில் செய்வதே இசை.

கட்டாயம் வேண்டுமென்றால் ஒலியையும் சுர ஓட்டத்தையும் பிரித்து வையுங்கள். கலைஞர் ஒரு பிடியை வாசிக்க, 2002இல் வெளிவந்த யின் போன்ற சுரங்காணும் முறையால் மீடிறன் கோட்டை எடுத்துச் சேமியுங்கள். ஒலியை ஓர் அலை அட்டவணையும் மூச்சிரைச்சலும் வடிகட்டியும் தரட்டும். கோடு அதை ஓட்டட்டும். சுருதியை மாற்றினாலும் கமகம் அப்படியே நிற்கும். 2020இல் கூகுள் வெளியிட்ட டிடிஎஸ்பி போன்ற நரம்பு வலையமைப்புகள் கால் மணிநேரத்துக்கும் குறைந்த வயலின் பதிவிலிருந்தே கற்றுக்கொள்கின்றன. அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீட மாணவர்களுக்கு நல்ல இறுதியாண்டுச் செயற்றிட்டமாகும்.

பதிவே இல்லாத வாத்தியம்

காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய அவரது 'யாழ் நூல்' பழந்தமிழ் யாழ்களின் வடிவையும் சுரங்களின் விகிதங்களையும் கணக்கிட்டு நிறுவ முயன்றது. பழைய யாழை வாசித்த கை இன்று இல்லை; பதிவும் இல்லை. ஒலிமாதிரி முறை இங்கே முதல் அடியிலேயே நின்றுவிடும். ஜாஃபி-ஸ்மித் திருத்தத்தோடு கூடிய தந்தி, அதன் வெளியீட்டை வாங்கும் தோல் போர்த்திய உடலுக்கு அதிர்வுமுறைத் தொகுப்பு: இந்த அத்தியாயத்தில் நீங்கள் எழுதிய இரண்டையும் தொடராக இணைத்தால் வில்யாழ் ஒன்று கிடைக்கும். சுர விகிதங்களைப் பன்னிரு சம பங்காக எழுதாமல் பின்னங்களாகவே ஓர் அட்டவணையில் வையுங்கள், 3/2ஐ 1.498 என்று எழுதும் கணத்தில் அந்த ஆராய்ச்சி கைவிட்டுப் போகும். தந்தி என்ன பொருள், எவ்வளவு தடிப்பு, உடல் எந்த மரம் என்பவற்றில் உங்கள் எண்கள் ஊகமாகவே இருக்கும். அவற்றை நிரலுக்குள் பூட்டாதீர்கள். ஒவ்வொன்றையும் திரையில் சுட்டியாக வைத்து, "ஊகம்" என்று பக்கத்தில் எழுதி, பயனர் நகர்த்திக் கேட்க விடுங்கள்.